தரை போடுவதில் எங்கே சறுக்குகிறோம்?

டைல்ஸ் கடையில் நாம் பார்க்கும்போது டைல்ஸ் நின்றுகொண்டிருக்கிறது. மேலே பளீரென்று விளக்கு, உள்ளே ஏசி, நம் காலில் செருப்பு. வீட்டுக்கு வந்ததும் அதே டைல்ஸ் படுத்துவிடும். மேலே தண்ணீர் சிந்தும், எண்ணெய் சொட்டும், வாசலிலிருந்து மணல் வரும், எல்லோரும் வெறுங்காலில் நடப்பார்கள். அதனால் கலரும் டிசைனும் பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தரையில் தினமும் என்ன விழும், யார் நடப்பார்கள்? கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி இதைக் கேட்காததால் வருபவைதான்.

ரொம்பச் சாதாரணமாக நடப்பது, ஹாலுக்குப் பிடித்துப்போன ஒரே டைல்ஸை சமையலறை, பால்கனி, சில வீடுகளில் பாத்ரூம் வரைக்கும் இழுத்துவிடுவது. வீடு பெரிதாகத் தெரியும் என்பார்கள். தெரியும்தான். ஆனால் எல்லா அறைக்கும் ஒரே தரை தாங்காது. வகைகளைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதி தெளிந்துவிடும். செராமிக் தண்ணீரை உறிஞ்சும், அதிலும் சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேலேயே உறிஞ்சும். விட்ரிஃபைடு அதைவிட இறுக்கமாக அழுத்தி, அதிக வெப்பத்தில் சுட்டது; உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் கீழே. விட்ரிஃபைடிலேயே டபுள் சார்ஜ் என்றால் மேலிருந்து 3, 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அதே நிறம் இருக்கும், கொஞ்சம் தேய்ந்தாலும் தெரியாது. ஜிவிடி, பிஜிவிடி என்கிறார்களே, அவை மேலே டிசைன் அச்சடித்து மெல்லிய கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு, பூசியவை. மார்பிள் மாதிரி, மரம் மாதிரி வருவதெல்லாம் பெரும்பாலும் இதுதான். அழகு முழுக்க மேல்தோலில்தான் இருக்கிறது.

மணலில் இருக்கும் குவார்ட்ஸ் அந்த கிளேஸைவிடக் கடினமானது. தெரு இன்னும் மண்ணாகவே கிடக்கும் புது லேஅவுட், பக்கத்து மனையில் எம் சாண்ட் கொட்டி வேலை நடந்துகொண்டிருக்கிறது, அங்கே கண்ணாடி மாதிரி பளபளக்கும் பிஜிவிடி போட்டு அதன்மேல் சோபாவையும் டைனிங் நாற்காலியையும் இழுத்தால் கோடு விழாமல் என்ன செய்யும். அப்படிப்பட்ட வீட்டு ஹாலுக்கு டபுள் சார்ஜ் போடலாம், டிசைன்தான் வேண்டுமென்றால் மேட் பினிஷ் ஜிவிடி. படுக்கையறைக்கு அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, பிடித்ததைப் போடுங்கள்.

பாத்ரூம்தான் உண்மையில் ஆபத்தான இடம். வழுக்குத் தன்மைக்கு ஆர்9 முதல் ஆர்13 வரை ஒரு மதிப்பு உண்டு, எண் கூடக் கூட பிடிமானம் கூடும். ஆர்10-க்குக் குறையாமல் வாங்குங்கள், வயதானவர்கள் இருந்தால் ஆர்11. ஆனால் அந்தச் சோதனை, எண்ணெய் ஊற்றிய சரிவில் ஷூ போட்டு நடந்து பார்ப்பது. நாம் நிற்பதோ வெறுங்காலில், சோப்புத் தண்ணீரில். ஆகவே எண்ணைப் பார்த்த பிறகும் கடையிலேயே சாம்பிளைக் கீழே போட்டு, தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வைத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பாத்ரூமில் அளவும் முக்கியம். ஹாலில் போட்ட 2க்கு 4 அடி டைல்ஸையே அங்கேயும் போட்டால் நாலு பக்கமிருந்தும் தண்ணீர் போகும் துளையை நோக்கி வாட்டம் கொடுக்க முடியாது. டைல்ஸை வெட்ட வேண்டியிருக்கும், இல்லையென்றால் மூலையில் தண்ணீர் தேங்கும். 1க்கு 1 அளவில் வாட்டம் எளிதாக வரும், இடுக்குகள் அதிகம் இருப்பதால் காலுக்கும் பிடிமானம் கிடைக்கும். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் இருக்கட்டும். தரை மட்டமும் வெளியே இருப்பதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இன்னொன்று, டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்பி வாட்டர் ப்ரூஃபிங்கை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். தண்ணீர் இறங்குவது இடுக்கு வழியாக. வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு முடிந்ததும் துளையை அடைத்து, ஒன்று அல்லது இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்து, கீழ்த்தளத்துச் சீலிங்கைப் பார்த்துவிட்டு அப்புறம் டைல்ஸ் வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

சமையலறைக்கு மேட் சரிதான், ஆனால் சொரசொரவென்று ஆழமான பள்ளம் உள்ளது வேண்டாம். தாளிக்கும் எண்ணெய்ப் பிசுக்கு அந்தப் பள்ளங்களில் படிந்து, மாப் போட்டாலும் போகாது. இடுக்கில் வெள்ளை சிமென்ட் அடைத்தால் மஞ்சள் தூள் ஒரே வாரத்தில் வேலையைக் காட்டிவிடும். இங்கேயும் பாத்ரூமிலும் இடுக்கை அடைக்க எபாக்ஸி கிரவுட் (பிசின் கலவை) போடுவது நல்லது, விலை கூடத்தான்.

மார்பிள் ஆசை பலருக்கு உண்டு, மக்ரானா வெள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அது கால்சியம் கார்பனேட். புளியும் எலுமிச்சையும் அதைத் தின்றுவிடும், மேலே பாலிஷ் போய் மங்கலாக ஒரு வட்டம் நிற்கும், துடைத்தால் போகாது, மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வாசலின் இரண்டு பக்கமும் வைக்கிற வழக்கம் உள்ள வீட்டில் மார்பிள் வாசற்படி போட்டுவிட்டுக் கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. பூஜை அறைக்கும் அதே கதை, விளக்கிலிருந்து சொட்டும் நல்லெண்ணெய் வெள்ளைக் கல்லுக்குள் இறங்கிவிடும். கடப்பா, கோட்டா கற்களும் சுண்ணாம்புக் கற்கள்தான், அமிலம் ஆகாது. கிரானைட் அந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமே வெட்டி எடுக்கிறார்கள்.

ஆனால் அதே கிரானைட்டைப் பளபளவென்று பாலிஷ் செய்து, மழை விழும் வெளிப்படிக்கட்டில் போடுவது இன்னொரு தவறு. வெளிப்படிக்குத் தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். கார் நிற்கும் போர்டிகோவுக்குத் தடிமனான பார்க்கிங் டைல்ஸ்தான். மீந்த ஹால் டைல்ஸை அங்கே தள்ளிவிடலாம் என்கிற யோசனை வேண்டாம். வாசலில் கோலம் போடுவீர்கள் என்றால் நிறம் அடர்த்தியாக, லேசாகச் சொரசொரப்பாக ஒரு பட்டை விட்டுவிடுங்கள். வழவழப்பான வெளிர் டைல்ஸில் மாவு நிற்காது, நின்றாலும் தெரியாது.

செட்டிநாட்டு ஆத்தங்குடி டைல்ஸ் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. எனக்கும் பிடிக்கும். ஆனால் அது சுட்ட டைல்ஸ் அல்ல. கண்ணாடிப் பலகைமேல் நிறக்கலவையை ஊற்றி, சிமென்டும் மணலும் சேர்த்துச் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. நடக்க நடக்கத்தான் மெருகேறும், புதிதில் கடை டைல்ஸ் அளவுக்கு மின்னாது. முற்றம், ஹால், திண்ணைக்கு அருமை. அமிலமும் மஞ்சளும் எண்ணெயும் சிந்தும் சமையலறைக்கு வேண்டாம். பெயின்ட், எலக்ட்ரிகல் எல்லாம் முடித்துக் கடைசியில் போடுங்கள், அதன்மேல் பெயின்டோ சிமென்டோ சிந்தினால் கறை போகவே போகாது. போட்டுப் பழகியவர்களை வைத்துத்தான் போட வேண்டும், அதற்குத் தனிக் கூலி ஆகும்.

மரத்தரை? லேமினேட் வேண்டாம். உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் பலகை, வாளித் தண்ணீரில் மாப் போடும் வீட்டில் ஓரமெல்லாம் உப்பிக்கொள்ளும். அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால் மர டிசைன் டைல்ஸ், அல்லது கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த எஸ்பிசி பலகை.

வாங்கும்போது கணக்கில் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. 2க்கு 2 பெட்டியில் நாலு டைல்ஸ், 16 சதுர அடி என்று வாயால் சொல்வார்கள். உண்மையில் டைல்ஸ் 600 மில்லிமீட்டர்தான், ஆகவே ஒரு பெட்டி 15.5 சதுர அடி. 1000 சதுர அடிக்கு 63 பெட்டி போதும் என்று வாங்கினால் 65 தேவைப்படும், அதுவும் வெட்டுச் சேதாரத்தைச் சேர்க்காமல். நேராகப் போட்டால் 5 சதவீதம், குறுக்காகச் சாய்த்துப் போட்டால் 10 சதவீதம் கூடுதலாக எடுங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். பின்னால் போய்க் கேட்டால் அதே ஷேட் கிடைப்பது அதிர்ஷ்டம். மீந்த ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் பரணில் போட்டு வையுங்கள், என்றைக்காவது குழாய்க்காகத் தரையை உடைக்க வேண்டி வரும்.

போடுகிற முறையில் நடக்கும் தவறுதான் கடைசியில் அதிகச் செலவு வைப்பது. விட்ரிஃபைடு தண்ணீரை உறிஞ்சாது என்றேன் அல்லவா, அதனாலேயே பழைய முறையில் சிமென்ட் பால் ஊற்றி ஒட்டினால் சரியாகப் பிடிக்காது. பெரிய அளவு டைல்ஸுக்குப் பாலிமர் கலந்த டைல் பசை தேவை, அதையும் நாலு மூலையில் உருண்டையாக வைக்காமல் பல்லுள்ள கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுக்க வேண்டும். காய்ந்த பிறகு குச்சியால் தட்டிப் பாருங்கள், பொக்கென்று சத்தம் வந்தால் அடியில் காலி, கனமாக ஏதாவது விழுந்தால் உடைவது அந்த இடத்தில்தான்.

இடைவெளி விடாமல் ஒட்டிப் போட்டால்தான் அழகு என்று வீட்டுக்காரர்களே கேட்டு வாங்கிக்கொள்வதும் உண்டு. தரை வெயிலில் விரியும், அதற்கு இடம் வேண்டும், இல்லையென்றால் ஒருநாள் பட்டென்று சத்தத்தோடு இரண்டு டைல்ஸ் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் வையுங்கள். பழைய தரையை உடைக்காமல் மேலேயே ஒட்டுவதாக இருந்தால், ஏறும் உயரத்துக்குக் கதவுகள் திறக்குமா என்று முதலில் அளந்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் வாங்கி வரச் சொல்வார்கள். அது இடுக்கில் இருக்கும் சிமென்ட் கிரவுட்டைக் கரைத்துவிடும், மார்பிளும் கடப்பாவும் ஆத்தங்குடியும் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஈரம் காய்வதற்கு முன்பே அன்றன்றைக்கு ஸ்பாஞ்சால் துடைத்துவிடச் சொன்னால் ஆசிட்டுக்கே தேவை வராது. இதை வேலை ஆரம்பிக்கும் நாளிலேயே பேசிவிடுங்கள்.