வீட்டில் தனியாக இருக்கும் பூனையைப் பார்க்க ஒரு வைஃபை கேமரா: நாமே செய்யலாம்

எங்கள் பூனை பஞ்சுவுக்கு நான்கு வயது, ஆண். போன வருடம் அவனுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆண் பூனைகளுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ரொம்பக் குறுகல், அதில் பொடிப் பொடியான படிகங்களும் சளியும் சேர்ந்து அடைத்துவிட்டால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. எப்படியோ பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு அனுப்பும்போது, அவன் சிறுநீர், மலம் கழிக்கும் மண் தட்டைப் பற்றி டாக்டர் சொன்னார்: "மண் தட்டுல உட்கார்ந்து முக்கிக்கிட்டே இருக்கான், ஒண்ணும் வரலைன்னா காத்திருக்காதீங்க, உடனே தூக்கிட்டு வாங்க." நானும் மனைவியும் காலை 9 மணிக்குக் கிளம்பினால் மாலை 7 மணிக்குத்தான் திரும்புவோம். நடுவில் யார் பார்ப்பது?

அதற்காகச் செய்ததுதான் இந்தக் கேமரா. கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கும், ஆனால் பல மாடல்கள் படத்தைக் கம்பெனி சர்வர் வழியாகத்தான் நம் போனுக்குக் காட்டும். எங்கள் வீட்டுக் கூடம் வேறு எங்கோ போய் வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

என்ன வாங்க வேண்டும்

இஎஸ்பி32-கேம் என்ற, வைஃபை உள்ள சின்ன எலக்ட்ரானிக் போர்டு, ஏஐ-திங்கர் மாடல். தீப்பெட்டியை விடச் சிறியது, 2 மெகாபிக்சல் ஓவி2640 கேமரா கூடவே வரும். வாங்கும்போது 'எம்பி' என்ற அடிப்போர்டும் சேர்ந்த செட்டாகக் கேளுங்கள். அதில் யுஎஸ்பி வாய் இருப்பதால் சால்டரிங், ஒயர் மாட்டுவது எதுவும் தேவையில்லை. சென்னை என்றால் ரிச்சி தெருவில் கிடைக்கும், மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். நான் வாங்கியபோது ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இதோடு 5 வோல்ட் 2 ஆம்பியர் போன் சார்ஜர் ஒன்றும், தடியான நல்ல யுஎஸ்பி கேபிள் ஒன்றும் வேண்டும்.

கேமராவை மாட்டுவது

கேமராவின் தட்டையான ரிப்பன் ஒயரைப் போர்டில் சொருக வேண்டும். போர்டில் கறுப்பாக ஒரு மெல்லிய மூடி தெரியும், அதை நகத்தால் மெதுவாக மேலே தூக்குங்கள். பிடுங்கக் கூடாது, கதவு மாதிரித் திறக்கும், அவ்வளவுதான். ரிப்பனை நேராக, கடைசி வரை உள்ளே தள்ளி மூடியை அமுக்குங்கள். அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் அப்புறம் 'கேமரா இனிட் ஃபெயில்டு' என்று பிழை வரும். அப்படி வந்தால் புரோகிராமில் தேடாதீர்கள், ரிப்பனைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

புரோகிராம் ஏற்றுவது

கம்ப்யூட்டரில் ஆர்டுயினோ ஐடிஇ-யை (இந்த மாதிரி போர்டுகளில் புரோகிராம் ஏற்றும் மென்பொருள்) நிறுவி, போர்ட்ஸ் மேனேஜரில் (Boards Manager) இஎஸ்பி32 என்று தேடி, எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் தொகுப்பை இன்ஸ்டால் செய்யுங்கள். டூல்ஸ் மெனுவில் போர்டாக 'ஏஐ திங்கர் இஎஸ்பி32-கேம்' தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஃபைல் மெனு, எக்ஸாம்பிள்ஸ், இஎஸ்பி32, கேமரா என்று போனால் 'கேமரா வெப்சர்வர்' இருக்கும். நமக்கு வேண்டிய புரோகிராம் முழுதாக அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், இரண்டே இடத்தில்தான் கை வைக்க வேண்டும். ஒன்று, கேமரா மாடல் பட்டியலில் ஏஐ திங்கர் வரிக்கு முன்னால் உள்ள // குறியை எடுத்துவிட்டு, ஏற்கெனவே தேர்வாகியிருக்கும் மாடல் வரிக்கு முன்னால் அதைப் போடுங்கள் (புதிய பதிப்புகளில் இந்தப் பட்டியல் பக்கத்துத் தாவலில் (tab) தனிக் கோப்பாக இருக்கும்). இரண்டு, உங்கள் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும்.

இந்த போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும், 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்தால், போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் 'சீரியல் மானிட்டர்' ஜன்னலில் சும்மா புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டே இருக்கும்.

போர்டை யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து அப்லோட் செய்யுங்கள். அது முடிந்ததும் சீரியல் மானிட்டரை 115200 வேகத்தில் திறந்து ரீசெட் பட்டனை அழுத்துங்கள். 192.168.1.34 மாதிரி ஒரு முகவரி வரும். அதே வைஃபையில் உள்ள போனில், பிரவுசரில் அதை அடித்து 'ஸ்டார்ட் ஸ்ட்ரீம்' தட்டினால் படம் ஓடும். அளவை 640 × 480 என்று வையுங்கள். பெரிதாக வைத்தால் படம் திக்கித் திக்கி வரும், பூனை உட்கார்ந்திருக்கிறதா எழுந்துவிட்டதா என்றே தெரியாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும் என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள். அந்த முகவரி மாறிவிடாமல் இருக்க, ரவுட்டர் செட்டிங்கில் இந்தப் போர்டுக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

கரன்ட் விஷயம்

எனக்கு ஒரு வாரம் முழுக்கப் போனது இதில்தான். மேசை மேல் அருமையாக ஓடும், மண் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். மானிட்டரில் பார்த்தால் 'பிரவுன்அவுட்' என்று வந்தது. வைஃபையில் அனுப்பும் நொடியில் போர்டு திடீரென்று அதிகக் கரன்ட் இழுக்கும், அந்த நேரம் வோல்டேஜ் இறங்கினால் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடும். நான் போட்டிருந்தது 3 மீட்டர் நீளமுள்ள மெல்லிய கேபிள், கோளாறு அதில்தான். கேபிளைக் குட்டையாக்கி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பக்கத்தில் கொண்டுவந்ததும் சரியாகிவிட்டது.

பூனை ஒயரைக் கடிக்கும் என்பதால், எலக்ட்ரீஷியன்கள் சுவரில் அடிக்கும் பிவிசி கேசிங் பட்டிக்குள் கேபிளை விட்டு மூடுங்கள். போர்டைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, லென்ஸுக்கு ஒரு ஓட்டையும், சூடு போகப் பின்பக்கம் நாலைந்து ஓட்டைகளும் போடுங்கள். தகர டப்பா வேண்டாம், சிக்னல் போய்விடும்.

எங்கே வைப்பது

படுக்கும் மெத்தையைப் பார்த்து வைக்கத்தான் ஆசை வரும். தூங்கும் பூனை பார்க்க அழகுதான், ஆனால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. மண் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் ஒரே படத்தில் வரும்படி வையுங்கள், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் விட்டு, ஏனென்றால் தட்டுக்கு ஒட்டினாற்போல் கிண்ணம் இருந்தால் பல பூனைகள் தண்ணீரைத் தொடாது. நான் பூனையின் முதுகு உயரத்தில், பக்கவாட்டில் வைத்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் வெறும் முதுகுதான் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் வால் தூக்கியிருப்பதும் வயிறு இறுகுவதும் தெரிகிறது.

மிக அருகில் வைத்தால் படம் மங்கலாக இருக்கும். லென்ஸைச் சுற்றி ஒரு சொட்டுப் பசை இருக்கும், அதை ஊசியால் சுரண்டிவிட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டே லென்ஸை இடப்பக்கம் துளித்துளியாகத் திருப்புங்கள்.

இருட்டில் இந்தக் கேமராவுக்குக் கண் தெரியாது. போர்டில் உள்ள வெள்ளை எல்ஈடியைப் போடலாமே என்று தோன்றும், தயவுசெய்து போடாதீர்கள், பூனையின் கண்ணில் நேரே அடிக்கும். ஒரு சீரோ வாட் பல்பு எரியவிட்டால் போதும்.

ஆபீசிலிருந்து பார்க்க

ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிடச் சொல்லும் வீடியோக்களைக் கேட்காதீர்கள். இந்தப் புரோகிராமில் பாஸ்வேர்டே கிடையாது, முகவரி கிடைத்த யாரும் உங்கள் வீட்டைப் பார்க்கலாம். நான் பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, நம் கருவிகளை மட்டும் இணையம் வழியாகப் பாதுகாப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை ஓடவிட்டிருக்கிறேன். அதில் வீட்டு நெட்வொர்க் முழுவதையும் எட்ட வழிவிடும் 'சப்நெட் ரவுட்டர்' வசதியை இயக்கி, அவர்கள் தளத்தில் அனுமதி கொடுத்து, போனிலும் அதே கணக்கில் நுழைந்துவிட்டால், வெளியிலிருந்தும் அந்த 192.168 முகவரி அப்படியே திறக்கும்.

கேமராவைப் பூனையின் கழுத்துப்பட்டையில் மாட்டலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். போர்டு சூடாகும், லித்தியம் பேட்டரியைப் பூனை கழுத்தில் கட்டி ஆளில்லாத வீட்டில் விடுவது சரியில்லை.

மாட்டிய முதல் வாரம், உங்கள் பூனை நன்றாக இருக்கும்போது மண் தட்டில் எப்படிச் சிறுநீர் போகிறது என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு தோண்டுவான், அரை நிமிடம் அசையாமல் உட்காருவான், மூடுவான், மோந்து பார்ப்பான், போய்விடுவான். உங்கள் பூனை உட்கார்ந்து, எழுந்து, தட்டை விட்டு இறங்கி, ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தால், சிறுநீர் போகும் இடத்தை நக்கிக்கொண்டே இருந்தால், படத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள். வழியிலேயே டாக்டருக்கு போன் போடுங்கள்.