ஃபாஸ்ட் லோக்கலில் ஏற்றிப் பாருங்கள்: கதாபாத்திரங்களைச் சோதிக்கும் வழி

மும்பையில் தாராவிக்குப் போக வேண்டியவர்கள் தாதரில் அவசரமாக லோக்கல் ரயிலில் ஏறிவிட்டார்கள். இது சில நிலையங்களில் மட்டும் நிற்கும் ஃபாஸ்ட் லோக்கல், தாராவிக்கு இறங்க வேண்டிய சயானில் நிற்காது என்று வண்டி நகர்ந்த பிறகுதான் தெரிகிறது. உங்கள் பாத்திரங்களை இங்கே நிறுத்தி எழுதுங்கள். முதலில் உடல், பிறகுதான் பேச்சு: தங்கை டிபன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள், அண்ணன் பக்கத்தில் நிற்பவரிடம், "அடுத்து குர்லாதானே அண்ணாச்சி?" என்பான்.

ஆளுக்கு 2 வரி போதும். பெயர்களை மறைத்து வாசியுங்கள். யார் பேசுவதென்று தெரியவில்லையென்றால், எல்லோர் வாயிலும் உங்கள் பேச்சே வந்திருக்கிறது. அவரவர் எதற்குப் பயப்படுகிறார் என்று முடிவுசெய்துவிட்டுத் திருத்துங்கள்.

வீடியோ கேமுக்கு வசனமென்றால் ஒரே சூழலுக்கு 5 மாற்று வரிகளாவது எழுதுங்கள். ஆடுபவர் அதே கதவை 20 முறை திறப்பார். பஞ்ச் வசனம் சீக்கிரம் சலித்துவிடும், சாதாரண முணுமுணுப்பு தாங்கும்.