வீட்டில் மின்சாரக் கார் சார்ஜர் மாட்டுகிறீர்களா? பில்லை ஒருமுறை பாருங்கள்

அமெரிக்காவில் இருக்கும் மச்சான், அங்கே வீட்டில் மாட்டும் சார்ஜருக்கு 30 சதவீதம், அதிகபட்சம் 1,000 டாலர் வரை வரிச்சலுகை இருப்பதாகச் சொன்னதும் எனக்கும் ஆசை வந்தது. அது அந்த நாட்டுச் சட்டம். அங்கேயும் எல்லா ஊருக்கும் கிடையாது. 2026 ஜூன் 30-க்குள் மாட்டி முடித்திருக்க வேண்டும். கடலூருக்கு அது வராது.

சரி, நமக்கு என்ன இருக்கிறது? ஜிஎஸ்டி. மின்வாகன சார்ஜருக்கு 2019 ஆகஸ்ட் 1 முதல் 5 சதவீதம்தான், அதற்கு முன் 18. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த கொட்டேஷனில் சார்ஜர், ஒயர், கூலி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மொத்தத்துக்கும் 18 போட்டிருந்தார்கள். சார்ஜரைப் பில்லில் தனி ஐட்டமாகப் போடச் சொல்லுங்கள். 30,000 ரூபாய் சார்ஜர் என்றால் 5,400-க்குப் பதில் 1,500தான் வரி. கேட்கக் கூச்சப்பட வேண்டாம், 3,900 ரூபாய் சும்மா வருவதில்லை.

வருமான வரியில் ஒரு கழிவு உண்டு (2026 மார்ச் வரை இருந்த சட்டத்தில் 80இஇபி பிரிவு). ஆனால் அது மின்வாகனக் கடனின் வட்டிக்குத்தான், ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை. கடன் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31-க்குள் அனுமதியாகியிருக்க வேண்டும், பழைய வரி முறையில் இருக்க வேண்டும். இன்னும் தவணை கட்டுகிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

மிச்சமான பணத்தில் நல்ல எர்த் போடுங்கள். உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் அரித்துவிடும். அப்புறம், சார்ஜரை இடுப்புக்கு மேலேயே மாட்டுங்கள்; நம் ஊர் மழைத்தண்ணீர் எதுவரை ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.