சோலைக்கிளி பாட்டு மலைக்கு மலை மாறுதான்னு பாக்குறது எப்படி

கொடைக்கானல் சோலைக்காட்டுல இருக்குற சோலைக்கிளியும் ஊட்டில இருக்குறதும் வேற வேற இனம், நடுவுல பாலக்காட்டுக் கணவாய்னு மேற்குத் தொடர்ச்சி மலையில ஒரு பெரிய இடைவெளி இருக்கு, இந்தக் குட்டி நீலப் பறவை (பேர்லதான் கிளி, நிஜக் கிளி இல்ல) மேல இருக்குற குளிர்ந்த காட்ட விட்டு கீழ வராது, அதனால பாட்டும் தனித்தனியா போயிடுச்சு.

நீங்களும் ஒப்பிட்டுப் பாக்கலாம். விடியக்காலையில போங்க, அப்போதான் நல்லா பாடும். ரிசர்வ் காடுன்னா முதல்ல வனத்துறை பர்மிஷன் வாங்கிடுங்க. போன் போதும், ஆனா எம்பி3 வேணாம், வேவ் ஃபைலா சேவ் பண்ணுங்க. இடம், தேதி, நேரத்த ரெக்கார்டிங் முடிஞ்சதும் வாயாலயே சொல்லிடுங்க.

ஒரே பறவைய வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரே பறவையே விதவிதமா பாடும், ஒவ்வொரு மலைலயும் தள்ளித்தள்ளி பல பறவைங்க வேணும்.

அப்புறம் ஆடாசிட்டிங்கற (Audacity) ஆடியோ சாஃப்ட்வேர்ல ஸ்பெக்ட்ரோகிராம் வியூ, அதாவது சத்தத்த படமா காட்டுற வியூ போட்டு ஒவ்வொரு ஸ்வரமும் எவ்ளோ நேரம், அதோட அதிர்வெண் மேல எதுவரைக்கும் போகுது, கீழ எதுவரைக்கும் போகுது, எத்தன வகை ஸ்வரம்னு குறிச்சிக்கிட்டே வாங்க. ரொம்ப காலத்துக்கு முன்னாடியே கணவாய் பிரிச்ச இடங்கள்லதான் வித்தியாசம் பெருசா தெரியும், சமீபத்துல காடு அழிஞ்சு பிரிஞ்ச இடத்துல அவ்ளோ இருக்காது.

பாட வைக்கறதுக்காக ரெக்கார்டிங்க திரும்ப போட்டுக் காட்டாதீங்க ப்ளீஸ், வேற ஆண் வந்துடுச்சுன்னு பதறிப்போயிடும்.