“அக்கா, ஷால்!” “அண்ணே, ஸ்டாண்டு!”

நம் ஊர் ரோட்டில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. முன்னால் போகிற ஸ்கூட்டரில் துப்பட்டா தொங்கினால், பின்னால் வருகிறவர் யாராக இருந்தாலும் ஹாரனை அழுத்தி “அக்கா, ஷால்! ஷால்!” என்று கத்துவார். சைடு ஸ்டாண்டை மடக்காமல் ஒருவர் கிளம்பினால் டீக்கடை பெஞ்சிலிருந்தே “அண்ணே, ஸ்டாண்டு!” என்று குரல் வரும். பகலில் லைட் எரிந்தால் எதிரே வருகிறவர் ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரிப்பார். (2017 ஏப்ரலில் இருந்து வரும் வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே முன்விளக்கும் எரியும், அதை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. அந்தச் சைகையை மட்டும் இனி விட்டுவிடலாம்.)

இந்தக் குரல்களால் உயிர் பிழைத்தவர்கள் நிறைய. நானும் ஒருத்தி. ஆனால் யாரும் கத்திச் சொல்ல வாய்ப்பில்லாத தவறுகளும் இருக்கின்றன. அவற்றில் பாதி மெயின் ரோட்டுக்குப் போகும் முன்பே, வீட்டு வாசலிலேயே நடந்துவிடுகின்றன. லாரியையும் பஸ்ஸையும் பார்த்துப் பயப்படுகிற நாம் வாசலைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

முதலில் துணி. துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால் இழுத்து எடுத்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். பத்து இன்ச் ரிம் உள்ள ஸ்கூட்டரின் பின்சக்கரம் ஒரு முறை சுற்றினால் வண்டி ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நகரும். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்தச் சக்கரம் ஒரே நொடியில் ஆறு முறை சுற்றிவிடும். துணியின் நுனி சக்கரத்துக்குள் போனது நமக்கு உறைப்பதற்குள், கழுத்தில் கிடக்கும் மிச்சமும் இறுகிவிடும். கழுத்தைச் சுற்றிப் போட்ட ஷால் என்றால் அது சுருக்கு. அதனால் வண்டியில் ஏறும்போது துப்பட்டாவைக் கழுத்தில் போடவே கூடாது. குறுக்கே போட்டு இடுப்புப் பக்கம் முடிச்சுப் போடுங்கள், இல்லையென்றால் மடித்து சீட்டுக்கு அடியில் வையுங்கள். புடவை கட்டியவர்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரில் சக்கரம் மூடித்தானே இருக்கிறது என்று நம்ப வேண்டாம். ஓட்டுபவரின் துணி பின்னால் பறந்து, பக்கவாட்டில் இறங்கி, அடியிலிருந்து உள்ளே போகும்.

பைக்கில் பின்சீட்டில் உட்காருபவரின் துணி சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தின் பாதியாவது மறைகிற மாதிரி தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. நாம் சாரி கார்டு என்று சொல்வது அதைத்தான். புது பைக் வாங்கிய கையோடு “லுக்கே போயிடுது” என்று அதைக் கழற்றி வீட்டு மூலையில் போடுகிறார்கள் பையன்கள். அதே பைக்கில்தான் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம். நீங்கள் கழற்றியிருந்தால் இன்றைக்கே திரும்ப மாட்டிவிடுங்கள்.

சிக்கிவிட்டால்? பிரேக் பிடித்து இன்ஜினை அணையுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் துணியை இழுக்காமல் தோளிலிருந்து கழற்றிவிடப் பார்க்க வேண்டும். நின்ற பிறகு கத்தரிக்கோலோ பிளேடோ கொண்டு துணியை அறுப்பதுதான் வழி. ஐயாயிரம் ரூபாய் பட்டுப்புடவை என்று யோசிக்கிற நேரம் அது இல்லை.

சைடு ஸ்டாண்டு விஷயத்தில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. மடக்க மறப்பது ஒன்று. நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. இடதுபக்கம் சாய்த்துத் திரும்பும்போது ஸ்டாண்டு தரையில் ஊன்றும், பின்சக்கரம் ரோட்டை விட்டு எழும்பும், வண்டி வலதுபக்கம் தூக்கிப் போடும். இன்னொரு தவறு, யாராவது “ஸ்டாண்டு!” என்று கத்தியதும் ஓடுகிற வண்டியிலேயே குனிந்து பார்த்துக் காலால் தேடுவது. சொன்னவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார். கையை ஒரு முறை தூக்கிக் காட்டிவிட்டு, இடது ஓரம் ஒதுங்கி, நிறுத்தி, மடக்கிக்கொள்ளுங்கள். சமீபத்திய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் அணைந்துவிடும். ஆனால் நம் தெருக்களில் பத்துப் பதினைந்து வருட வண்டிகள்தானே அதிகம் ஓடுகின்றன. அவற்றில் ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்து, மேடுபள்ளத்தில் தானாகவே இறங்குகிறது. மெக்கானிக்கிடம் விடும்போது ஆயில் மாற்றச் சொல்கிறோம், அந்த ஸ்பிரிங்கை யாரும் பார்க்கச் சொல்வதில்லை.

இனி நான் அதிகம் பேச விரும்புவது வலது கையைப் பற்றி.

என் அத்தைக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் தெருவைச் சுற்றி வரும் அளவுக்கு நன்றாகவே ஓட்டினார். ஒருநாள் காலையில் சென்டர் ஸ்டாண்டில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடாகட்டும் என்று ஓடவிட்டார். பிறகு இடது கையால் ஹேண்டிலையும், வலது கையால் ஆக்சிலரேட்டர் பிடியையும் பிடித்துக்கொண்டு, ஸ்டாண்டிலிருந்து இறக்க வண்டியை முன்னால் தள்ளினார். தள்ளும்போது மணிக்கட்டு இறங்கிப் பிடி முறுக்கிக்கொண்டது. அந்தரத்தில் நின்ற பின்சக்கரம் சுழன்று, தரையைத் தொட்ட நொடியில் வண்டி குதித்தது. விழாமல் இருக்க அத்தை பிடியை இன்னும் கெட்டியாகப் பற்றினார். பற்றப் பற்ற முறுக்கு ஏறியது. துளசி மாடத்தில் இடித்துத்தான் வண்டி நின்றது. மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. தப்பு அவருடையது இல்லை. ஸ்டாண்டிலிருந்து இறக்குவதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. வண்டி ஓட்டுவது என்றால் ரோட்டில் ஓட்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் நம் கையில் இல்லை. இன்ஜின் வேகம் கூடினால் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாகப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிடும். ஆக, இன்ஜின் ஓடுகிற ஸ்கூட்டர் எந்த நேரமும் பாயத் தயாராக இருக்கிறது. பயந்த கை எதையும் இறுக்கித்தான் பிடிக்கும், அந்தக் கையில் இருப்பதோ ஆக்சிலரேட்டர். அதனால் ஸ்டாண்டு போடுவது, எடுப்பது, வாசல் சரிவில் ஏற்றுவது, பின்னால் தள்ளுவது எல்லாம் இன்ஜின் அணைந்த நிலையில் நடக்கட்டும். உட்கார்ந்து, இரண்டு காலும் ஊன்றி, இடது பிரேக்கைப் பிடித்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். புதிதாகப் பழகுபவருக்கு முதல் இரண்டு நாள் சாவியே போடாமல், வண்டியைத் தள்ளவும் பிரேக் பிடித்து நிறுத்தவும் மட்டும் சொல்லிக் கொடுங்கள். தூக்கிவாரிப் போட்டால் பிடியை விட்டுவிட வேண்டும் என்று பலமுறை சொல்லுங்கள். கையை விட்டால் ஆக்சிலரேட்டர் தானே திரும்பிவிடும். வண்டி கீழே விழுந்தால் விழட்டும்.

குழந்தைக்கும் இதே கதைதான். முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போகும் பிள்ளை, அப்பா தினமும் முறுக்குவதைப் பார்த்துக்கொண்டே வருகிறது. பால் பாக்கெட் வாங்க அரை நிமிடம் இறங்குகிறோம், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அரை நிமிடத்தில் பிள்ளை பிடியைத் திருகி, வண்டியோடு கடைக்குள்ளோ ரோட்டுக்கோ பாய்ந்ததை எத்தனை சிசிடிவி காட்சிகளில் பார்த்துவிட்டோம். இறங்கினால் சாவி கையில் இருக்க வேண்டும். குழந்தையும் கூடவே இறங்க வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 2022-இல் தனி விதியே வந்திருக்கிறது: ஓட்டுபவரோடு பிணைக்கிற பெல்ட், ஒன்பது மாதத்திலிருந்து ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் இதைப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பெற்றோரில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று யோசித்தால் கவலையாக இருக்கிறது.

அடுத்து பின்சீட்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டுத்தான் உட்காருவார்கள். ஒரு கையில் பை, மடியில் தேங்காய்ப் பழக் கவர், இன்னொரு கை சும்மா சீட்டின் மேல். ராத்திரி நேரம், வெள்ளைக் கோடு அழிந்துபோன ஸ்பீடு பிரேக்கர். ஓட்டுபவருக்கு அது முன்சக்கரம் ஏறிய பிறகுதான் தெரிகிறது. பின்சீட்டில் இருப்பவர் பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பதால் தூக்கிப்போடுவது அவரைத்தான் அதிகம். விழுவது பின்பக்கமாக, மண்டை அடிபட, பெரும்பாலும் ஹெல்மெட் இல்லாமல். மகன் பத்தடி தள்ளிப் போய்த்தான் திரும்பிப் பார்க்கிறான். பெரியவர்களை ஏற்றினால் பையை முன்னால் வாங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்ளுங்கள், அவர்களின் ஒரு கை பின்கம்பியிலும் ஒரு கை உங்கள் இடுப்பிலும் இருக்கட்டும். “மேடு வருதும்மா, பிடிச்சுக்கோங்க” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்பதை விடுங்கள், அவர்தான் அதிகம் தூக்கி வீசப்படுகிறவர்.

ஓடுகிற வண்டியில் குடை விரிப்பதும் இதே வகைதான். காற்று குடைக்குள் புகுந்தால், குடையை விடாத ஆளையும் சேர்த்துப் பின்னால் இழுக்கும். முன்பக்கம் சாய்த்தால் ஓட்டுபவரின் கண்ணை மறைக்கும். மழையென்றால் ஒதுங்கி நில்லுங்கள்.

மழை என்றதும் பிரேக். “முன் பிரேக்கைத் தொடாதே, குட்டிக்கரணம் அடிக்கும்” என்று சொல்லித்தான் பல அப்பாக்கள் பைக் கற்றுக்கொடுத்தார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரத்தில் பெரும்பகுதி முன்பக்கம் போய்விடும், அதனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஆடும், வண்டியும் சீக்கிரம் நிற்காது. ஹேண்டில் நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டே, ரோட்டோர மணலின் மேல் முன் பிரேக்கைப் பிடித்தால்தான் விழுவோம். அது எந்த வேகத்திலும் நடக்கும், வாசலில் யூ டர்ன் அடிக்கும்போதும் நடக்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸும், அதற்குக் கீழே இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற சிபிஎஸ்ஸாவது இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பழைய வண்டிகளுக்கு நம் விரல்கள்தான் ஏபிஎஸ்.

வெயில் காலம் முடிந்து பெய்கிற முதல் தூறல் கொட்டுகிற மழையை விடக் கெட்டது. மாதக்கணக்கில் ரோட்டில் சொட்டிய ஆயிலும் தூசியும் அந்தத் தண்ணீரில் குழைந்து வழுக்கும். வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி, சென்னையில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, இவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம்.

மழைக்காலத்தில் இன்னொரு பயமும் உண்டு. ஸ்கூட்டரின் முன்பக்கக் கூட்டுக்குள்ளும், கண்ணாடியில் மாட்டிவைத்த ஹெல்மெட்டுக்குள்ளும் பாம்பும் பூரானும் ஒதுங்கும். கிளம்பும் முன் வண்டியைத் தட்டுங்கள், ஹெல்மெட்டைக் கவிழ்த்து உதறுங்கள். ஓடும்போது மீட்டர் பக்கம் எதுவாவது நெளிந்தால் குதித்துவிடாதீர்கள். குதிப்பதால் வரும் அடியே பெரிது. ஓரமாக நிறுத்தி, இறங்கி விலகிவிட்டு, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சென்டர் ஸ்டாண்டில் பைக்கை நிறுத்தி, கியரில் போட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கிறார்கள். செயின் பளபளவென்று ஆகும், உண்மைதான். துணியின் ஒரு நூல் செயினில் மாட்டினால் துணியும் விரலும் சேர்ந்து பல்சக்கரத்துக்குள் போகும். அப்படி விரல் நுனியை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மெக்கானிக் வேலை பார்த்தவர். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, டயரைக் கையால் உருட்டித் துடைத்தால் பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். டியூபை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சுவதும் வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கடைசியாக, விழுந்த பிறகு செய்கிற தவறு. ஒருவர் விழுந்ததும் நான்கு பேர் ஓடிவந்து, கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, ஹெல்மெட்டைப் பிடுங்கி, வாயில் சோடாவை ஊற்றுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் கழுத்தில் அடிபட்டிருந்தால் அந்த இழுப்பே கை கால்களை முடக்கிவிடலாம். பாதி மயக்கத்தில் இருப்பவருக்குச் சோடா மூச்சுக்குழாயில் இறங்கும். வண்டிகள் அவர் மேல் ஏறாதபடி இரண்டு பேர் நின்று ரோட்டை மறியுங்கள், ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, குறிப்பிட்ட தொகை வரை, அரசே பணம் கட்டுகிறது. காசு இல்லையே என்று தயங்கி நிற்க வேண்டியதில்லை.

விழுந்தவர் நீங்களாக இருந்தால், எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் “ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை” என்று எழுந்து, கண்ணாடி உடைந்த வண்டியைத் தட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கொஞ்ச நேரம் உட்காருங்கள். வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். தலையில் பட்ட அடி உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும். சாயங்காலம் விழுந்தவர் ராத்திரி வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, பேச்சுக் குழறினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கி வழிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.