கார் லிஃப்ட் வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

வீட்டு கராஜுக்கு லிஃப்ட் வாங்குபவர்கள் அது எத்தனை டன் தூக்கும் என்று அலசி ஆராய்வார்கள். அதைத் தாங்கப்போகும் தரையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. இரண்டு தூண் லிஃப்ட்டில் காரின் பாரம் நீட்டிய கைகளில் உட்காருவதால், தூண்கள் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். அவற்றை இழுத்துப் பிடிப்பவை அடித்தகட்டைத் தரையோடு பிணைக்கும் சில ஆங்கர் போல்ட்டுகள்தான். போல்ட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கான்கிரீட் மெலிசாக இருந்தால் பயனில்லை.

சாதாரணக் கார்களுக்கான லிஃப்ட்டுக்கே குறைந்தது 4 அங்குலத் தடிமனும் 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு தாங்கும் என்ற அளவு) கான்கிரீட் வலிமையும் பல தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள். தடிமனை ஊகிக்காமல், துளை போட்டு அளந்துவிடுவது நல்லது. புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் அது இறுக 28 நாள் விடுங்கள். விரிசல், இணைப்புக் கோடு, தளத்தின் ஓரம் ஆகியவற்றை ஒட்டி போல்ட் இறக்கக் கூடாது. டைல்ஸ் மேலேயே தூணை நிறுத்துவது இன்னொரு தவறு: டைல்ஸ் நொறுங்கினால் போல்ட்டின் பிடி தளரும். போஸ்ட் டென்ஷன் தளமாக (கான்கிரீட்டுக்குள் கம்பிகளை இழுத்துக் கட்டிய தளம்) இருந்தால், அந்தக் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று தெரியாமல் டிரில்லை எடுக்கவே வேண்டாம். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். கை பலத்தை அளவாக நம்ப வேண்டாம்.

கூரை உயரக் கணக்கு எளிது. 5 அடி உயரக் காரை 6 அடி தூக்கினால் 11 அடி ஆகிவிடும். மேலே சுருளும் கதவின் தண்டவாளத்தையும் விளக்கையும் மறந்துவிடாதீர்கள்.

தூக்கும்போது நடக்கும் தவறுகளில் மோசமானது, எடையின் நடுப்புள்ளியைக் கவனிக்காதது. முன்சக்கர இயக்கக் கார்களில் முன்பக்கம்தான் கனம். இன்ஜினைக் கழற்றி இறக்கியதும் அந்தக் கனம் போய்விடுகிறது, வால்பக்கம் கீழே சாய்கிறது. அப்படிப்பட்ட வேலையைத் தொடங்குமுன், காரின் பின்பக்கத்துக்கு உயரமான ஸ்டாண்ட் முட்டுக்கொடுக்க வேண்டும். லிஃப்ட் கைகளின் நுனியில் காரைத் தாங்கும் பேட்களை கார் கையேடு காட்டும் இடங்களில் மட்டும் வையுங்கள். மின்சாரக் காரில் பேட்டரிப் பெட்டியின் அடியில் வைத்தால் செலவு தாங்காது. சக்கரம் தரையை விட்டுச் சில அங்குலம் எழும்பியதும் நிறுத்தி, காரை அசைத்துப் பாருங்கள். ஆடினால் இறக்கி, மறுபடி வையுங்கள்.

வேண்டிய உயரம் வந்ததும் பலர் அப்படியே அடியில் புகுந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் காரைப் பிடித்திருப்பது ஹைட்ராலிக் எண்ணெய் மட்டுமே. ஒரு குழாயோ சீலோ விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சற்றே இறக்கி, இரு தூண்களிலும் பாரத்தைத் தாங்கும் பாதுகாப்பு லாக்கும் ஒரே படியில் விழுந்து பாரம் அதன்மேல் உட்கார்ந்த பிறகுதான் அடியில் போக வேண்டும். இறக்கும்போது முதலில் கொஞ்சம் ஏற்றி, லாக்கை விடுவியுங்கள். காரின் கீழே கருவிப்பெட்டி, ஸ்டூல், குழந்தை எதுவும் இல்லை என்று சுற்றி வந்து பார்த்த பிறகு லீவரை அழுத்துங்கள்.