வழக்கம் குலையும் நாள்களில் பைபோலார் மருந்தை விடாமல் சாப்பிடுவது எப்படி

பெரியப்பா இறந்தபோது புளோக்குக் கீழே கூடாரம் போட்டு ஒரு இரவு வைத்திருந்தோம், மறுநாள் சிங்கப்பூரின் மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோனோம். அந்த இரவு யாரும் தூங்கவில்லை. அடுத்த இரண்டு இரவும் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களால் வீடு நிறைந்து கிடந்தது. என் பைபோலார் (மனம் உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) மாத்திரை டப்பா இருந்த அறையில் அத்தைமார் படுத்திருந்தார்கள், அவர்கள் முன்னால் போய் எடுக்கக் கூச்சமாக இருந்தது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மூன்று வேளை அப்படியே போய்விட்டது. பதினாறாம் நாள் காரியம் வருவதற்குள் நான் விடிய விடிய உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஐம்பது பேருக்குச் சொல்ல வேண்டிய சாப்பாட்டை இருநூறு பேருக்குச் சொல்லி முன்பணமும் கட்டியிருந்தேன். அதற்கப்புறம் மூன்று வாரம் மனநல வார்டில் இருந்தேன்.

தூக்கமும் போய் மருந்தும் போனால் எனக்கு மனக்கிளர்ச்சி (மேனியா) எவ்வளவு வேகமாக ஏறும் என்று அன்றுதான் தெரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. இரவுச் சாப்பாடு, பல் துலக்குவது, படுக்கை என்ற வரிசையில்தான் என் மாத்திரை தொங்கிக்கொண்டிருந்தது, வரிசை அறுந்ததும் அதுவும் சேர்ந்து விழுந்துவிட்டது. அதனால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிற ஒரு நாளிலேயே, ஓடாத நாளுக்கான ஏற்பாட்டை எழுதி வைத்துவிடுங்கள். அந்த நாள் வந்த பிறகு யோசிக்கிற தெம்பு நமக்கு இருக்காது.

எழுதுவதை மருத்துவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். அடுத்த சந்திப்புக்கு ஒரு தாளோடு போய், ஒவ்வொரு மருந்தையும் சொல்லி மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு வேளை விட்டுப்போனால் எத்தனை மணி நேரம் வரை சாப்பிடலாம், எத்தனை நாள் விட்டுப்போனால் உங்களைக் கூப்பிட வேண்டும், சாப்பிடும் நேரத்தை எவ்வளவு தள்ளலாம். மருந்துக்கு மருந்து பதில் மாறும் என்பதால்தான் தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறேன். பொதுவாக, சீக்கிரம் நினைவு வந்தால் சாப்பிடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும், ஈடுகட்ட இரண்டு வேளையைச் சேர்த்துப் போடவே கூடாது. மனநிலையை நிலைப்படுத்தும் லித்தியத்தில் இது மிக முக்கியம், ஏனென்றால் வேலை செய்கிற அளவுக்கும் நஞ்சாகிற அளவுக்கும் இடையில் இடைவெளி குறைவு. லாமோட்ரிஜின் என்ற இன்னொரு மருந்து வேறு மாதிரி. ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவுக்கு நேராகத் திரும்பக்கூடாது, முதலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்தான தோல் கொப்புளம் வரலாம். கூடவே வேறு சில மருந்து சாப்பிடுவோருக்கு அந்தக் கெடு இன்னும் குறுகலாம். விட்டுப்போனதை மறைக்காமல் போன் போட்டுச் சொல்லுங்கள், திட்டுவார்களோ என்று பயப்பட வேண்டாம்.

அடுத்தது, மாத்திரையை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஏழு நாள் டப்பா வீட்டில் இருக்கட்டும், மூன்று நாளுக்கான மாத்திரையைப் பெயரும் அளவும் தெரிகிற மாதிரி அட்டையோடு வெட்டி, தினமும் தூக்கும் பையில் போடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்க வேண்டாம். சாவு வீடோ, கல்யாண வீடோ, திடீரென்று தங்க நேர்கிற அக்கா வீடோ, எங்கே இருந்தாலும் கை எட்டும். போன் அலாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர் வைக்கக் கூச்சமாக இருந்தால் வேறு பெயர் வையுங்கள், நான் ‘அம்மாவுக்கு போன்’ என்று வைத்திருக்கிறேன். ஆனால் சாப்பிட்ட பிறகுதான் அதை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைத்த நாள்களில்தான் எனக்குத் தவறியிருக்கிறது.

சுழற்சி நேர வேலை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சிங்கப்பூரில் நம்மவர்கள் நிறையப் பேர் பாதுகாவல், தாதிமை, விமான நிலையம் என்று பன்னிரண்டு மணி நேர வேலையில் இருக்கிறார்கள். தூக்கம் வரவைக்கிற மருந்தை, உதாரணமாக குவெட்டியபினை, இரவு வேலைக்குக் கிளம்பும் முன் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்ட முடியாது, அது தூக்கத்தோடு நகர வேண்டிய மருந்து. லித்தியத்தை அப்படி வாரத்துக்கு வாரம் நகர்த்துவதைவிட இரண்டு வேலை நேரத்துக்கும் பொருந்துகிற ஒரு மணியைப் பிடித்துக்கொள்வது நல்லது. எனக்கு அது இரவு 9 மணி, பகல் வேலையில் வீட்டிலும் இரவு வேலையில் இடைவேளையிலும். உங்களுக்கு எந்த மணி என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். இரவு வேலையே வேண்டாம் என்று மருத்துவர் கடிதம் தந்தால் தயங்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். தூக்கம் தொடர்ந்து புரளுவதை எந்த மாத்திரையும் முழுசாகச் சரிக்கட்டாது, என் அனுபவத்தில் இதுதான் பெரிய உண்மை.

இரத்தப் பரிசோதனையில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். லித்திய அளவைக் கடைசி வேளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு, வழக்கமாகத் தொடர்ந்து சாப்பிடுபவருக்கு அது லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கப் பார்ப்பார்கள். நான் இரவு வேலை முடிந்து, விட்டுப்போன வேளையைக் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்கு ஊசிக்குக் கையை நீட்டினேன். எண் ஏறிப்போய் வந்தது, எல்லோரும் பதறி அளவைக் குறைத்தார்கள், இரண்டு வாரத்தில் மனம் தடுமாறத் தொடங்கியது. யாரும் கேட்காவிட்டாலும், கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதை இரத்தம் எடுப்பவரிடம் நீங்களே சொல்லுங்கள். நேரம் பொருந்தவில்லை என்றால் தேதியை மாற்றக் கேளுங்கள்.

ஊருக்குப் போவது நினைப்பதைவிட எளிது. இங்கே இரவு 10 மணி என்றால் சென்னையில் இரவு 7.30, வித்தியாசம் இரண்டரை மணிதான். ஒரு வாரப் பயணம் என்றால் சிங்கப்பூர் நேரப்படியே சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். லண்டன், அமெரிக்கா என்று தூரம் கூடினால் கிளம்பும் முன்பே நேர அட்டவணை கேட்டு வாங்குங்கள். சென்னை, திருச்சிக்கு நள்ளிரவை ஒட்டிய விமானங்கள் நிறைய, அந்த ஒரு இரவுத் தூக்கம்தான் கவனிக்க வேண்டியது. கொஞ்சம் கூடக் கொடுத்தாவது பகல் விமானம் பிடியுங்கள். மருந்து கைப்பையில், அசல் அட்டையோடும் மருத்துவர் கடிதத்தோடும், தங்கும் நாளைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

விரதமும் திருவிழாவும் நமக்கு விட்டுக்கொடுக்க முடியாதவை, விடச் சொல்லவும் இல்லை. ஆனால் லித்தியம் சாப்பிடுபவர் உப்பில்லா விரதம் இருந்தால், தண்ணீர் குறைத்தால், வியர்த்துக் கொட்டினால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் அளவு ஏறும். தினமும் நாலு கோப்பை காப்பி குடித்தவர் விரதத்துக்காகத் திடீரென்று நிறுத்தினாலும் ஏறலாம். தைப்பூசத்தில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி எடுப்பவர், ரிசர்விஸ்ட் இராணுவப் பயிற்சியில் வெயிலில் நிற்பவர், நோன்பு வைக்கிற நம் முஸ்லிம் சகோதரர், எல்லோரும் சில வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். சிவராத்திரிக்கு விடிய விடிய கண்விழிப்பதை நான் விட்டுவிட்டேன், முதல் கால பூஜை பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன். சாமி கோபிக்காது என்று அம்மாவே சொன்னாள். லுராசிடோன் போன்ற மருந்தை வயிறு நிறையச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சேரும், விரத நாளில் அதையும் யோசியுங்கள்.

கை கால் வலிக்கிறது என்று கடையில் இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் வாங்கி லித்தியத்தோடு போடாதீர்கள், அவையும் அளவை ஏற்றும். வலிக்குப் பெரும்பாலும் பனடால் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்து எதுவும் உள்ளே தங்காவிட்டால் அன்றே கிளினிக்கைக் கூப்பிட்டு லித்தியத்தை என்ன செய்வது என்று கேளுங்கள். கை கடுமையாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, தலை குழம்புவது தெரிந்தால் அடுத்த வேளையைப் போடாமல் நேராக அவசரப் பிரிவு, முடியாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995.

வீட்டில் ஒருவருக்காவது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். “நல்லாத்தானே இருக்கே, ஒருநாள் போடாட்டி என்ன?” என்று கேட்கிற சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், அவருக்குப் பதில் சொல்ல அந்த ஒருவர் வேண்டும். எனக்கு அது தங்கை. எங்கள் தாளில் இப்படி எழுதியிருக்கிறோம்: தொடர்ந்து இரண்டு இரவு நாலு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியும் எனக்குக் களைப்பே தெரியாவிட்டால், நான் வேண்டாம் என்றாலும் அவள் கிளினிக்கை அழைக்கலாம். வங்கி அட்டையையும் அன்று அவளிடம் கொடுத்துவிட வேண்டும். இரவில் கிளினிக் மூடியிருந்தால் 24 மணி நேரமும் எடுக்கிற மனநல உதவி எண் 1771, நிலைமை கைமீறினால் புவாங்கோக்கில் மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு, அதுவும் இரவு பகல் திறந்தே இருக்கும்.

தாளை இரண்டு படி எடுங்கள். ஒன்று மாத்திரையோடு பையில், இன்னொன்று அந்த ஒருவரிடம். மருத்துவர் அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழையதைக் கிழித்துவிட்டுத் தேதி போட்டுப் புதிதாக எழுதுங்கள்.